ரேடியோ வாயை மூடிய நாள்

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளை மடக்கி அமுக்குணி இப்படிச் சொன்னதும், ரேடியோவுக்குப் பேஸ்ட் நுரை மூக்கில் ஏறிவிட்டது.

பின்னே? உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அந்தப் பெண்கள் ஹாஸ்டலில் ஊர்வாய் என்பது ரேடியோ ஒருத்தியின் வாய்தான். வார்டனுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயமே வார்டனுக்கு ரேடியோ சொல்லித்தான் தெரியும். அவளிடம் போய் ரகசியமா? அதுவும், மூன்று வருஷமாகத் தன்னைப் பற்றி ஒரு சேதி வெளியே விடாத அமுக்குணியா?

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. அப்பா கப்பல்ல இருக்கார். கிறிஸ்துமஸுக்கு வீடு பூட்டித்தான் கிடக்கும். நான் போகல. இங்கேயே, தனியா இருக்கப் போறேன்."

"ஐயோ!"

"நெட்டைக்கும் குட்டைக்கும் தெரிஞ்சா பாவம் பாப்பாளுங்க. மூச்சு விடாதே."

ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி அமுக்குணிக்காக. மீதி, தன்னையும் நம்பி ஒருத்தி ரகசியம் சொல்லிவிட்டாளே என்பதற்காக. அமுக்குணியின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள், நுரையோடுதான்.

தன்னோடு கூட்டிப் போகலாம் என்றால், அவள் போவது அக்கா வீட்டுக்கு. ஒற்றை அறை, கைக்குழந்தை வேறு. ரேடியோவே அங்கே அடுப்படியில்தான் படுக்க வேண்டும்.

நாலு பேருமாகக் கடைவீதிக்குக் கிளம்பினார்கள். ஹாஸ்டல் தோழிகளான நெட்டையும் குட்டையும் ஒருத்திக்கொருத்தி பெரியப்பா மகளும் சித்தப்பா மகளும். கூட்டுக்குடும்பம், ஒரே வீடு. சாயங்காலம் பஸ். அதற்குள் வீட்டிலிருக்கும் அத்தனை உருப்படிக்கும் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கியாக வேண்டும்.

"எங்க வீட்டுல கிறிஸ்துமஸ்னா யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னே தெரியாது" என்றாள் குட்டை, சாக்ஸ் குவியலுக்குள் தலையை விட்டபடி. "போன வருஷம் பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி, வழி தவறி எங்க வீட்டுலயே ரெண்டு நாள் தங்கிட்டுப் போனார்."

ரேடியோவின் நாக்கு துடித்தது. 'அப்போ இவளையும் கூட்டிட்டுப் போங்கடி' என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று ஒரு ஜோடி சாக்ஸை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னடி பண்றே?"

"தரம் பாக்குறேன்."

கடைக்காரர் பார்த்த பார்வையில் அதை வாங்கித் தொலைக்க வேண்டியதாயிற்று.

"ரேடியோ, ஏதோ சொல்ல வந்தியே?" என்றாள் அமுக்குணி மெதுவாக.

சோதிக்கிறாள்! ரேடியோ சுதாரித்துக்கொண்டாள். "நானா? எனக்கென்னடி தெரியும்!"

"சரி, நான் ரிப்பன் பாத்துட்டு வரேன். நீங்க மூணு பேரும் பேசிட்டிருங்க." போனவள் அரைமணி நேரம் ரிப்பன் பார்த்தாள். ரேடியோ அந்த அரைமணி நேரமும் விட்டத்தைப் பார்த்தாள்.

கேக் கடையில் நெட்டை கேட்டாள். "அமுக்குணி, உனக்கு எத்தனை மணிக்குப் பஸ்?"

அமுக்குணி ரேடியோவைப் பார்த்தாள். "அவளைக் கேளு."

ரேடியோ தன் கேக்கை முழுசாக வாய்க்குள் தள்ளினாள். புரையேறிக் கண் பிதுங்கியது. குட்டை முதுகில் நாலு குத்து விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அந்தக் களேபரத்தில் பஸ் பேச்சு காணாமல் போனது.

"காலையிலேர்ந்து இவ வாயே திறக்கல. உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று முடிவுகட்டிய நெட்டை, நடுத்தெருவில் அவளை நிறுத்தி, வாயைப் பிளந்து, செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பொம்மைக்கடை வாசலில் மணியடித்துக்கொண்டிருந்த கிறிஸ்துமஸ் தாத்தாவும் தாடியை ஒதுக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"லேசா சிவந்திருக்கும்மா. வெந்நீர் குடிக்கச் சொல்லு."

மருந்துக்கடையில் தொண்டைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். இல்லாத நோய்க்கான மருந்தை ரேடியோ மறுபேச்சில்லாமல் சப்பினாள். மனசு முழுக்கப் பெருமை. அமுக்குணியின் முகம்தான் நேரமாக ஆக வாடிக்கொண்டே வந்தது. பாவம், வீட்டு ஞாபகம் என்று நினைத்து ரேடியோ உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் நெட்டையும் குட்டையும் மூட்டை முடிச்சுகளோடு பஸ் ஏறினார்கள். ஜன்னல் வழியாக முத்தங்களை வாரி இறைத்தார்கள். பஸ் உறுமியது.

அவ்வளவுதான். ரேடியோ அமுக்குணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தியா? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை வெளிய விட்டேனா? இனிமே எவளாவது என்னை ரேடியோன்னு கூப்பிடட்டும், அப்புறம் இருக்கு!"

அமுக்குணி அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நிஜமாவே சொல்லலியா? நான் ரிப்பன் பாக்கப் போனேனே, அப்பகூடவா?"

"சத்தியமா சொல்லல!"

"அடிப்பாவி! 'என்னையும் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு என் வாயால எப்படிடி கேப்பேன்? நீ எப்படியும் சொல்லிடுவேன்னு நம்பித்தானே உன்கிட்ட சொன்னேன்!"

ரேடியோ கையிலிருந்த பைகளைக் கீழே போட்டுவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸின் பின்னால் ஓடினாள், தகரத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டு.

"டிரைவர் அண்ணா, நிறுத்துங்க! நிறுத்துங்க! ஒரு ரகசியம் சொல்லணும்!"