ஆட்டம் முடியட்டும்

அறுபத்திரண்டாம் ஆண்டில் நான் வென்ற கோப்பையைத் துணியால் மூடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் காட்டுவதில்லை.

வவுனியா கிளப்பில் டார்ட்ஸ் போட்டி. அரையிறுதியில் நான் அம்பெறிந்துகொண்டிருந்தபோது, யாரோ என்னைத் தேடி வாசலில் நிற்பதாகச் சொன்னார்கள்.

"ஆட்டம் முடியட்டும், வாறன் எண்டு சொல்லுங்கோ."

வென்ற சந்தோசப் புளுகத்தில் வாசலை மறந்துபோனேன்.

இறுதியாட்டம், கிளப்புக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பக்கீர் நானாவோடு. மூன்று வருடமாகக் கோப்பை அவரிடந்தான். அன்று பிந்தி வந்தார்.

"தம்பி, உம்மோடை ஒரு கதை..."

"முதல்லை ஆட்டம் முடியட்டும், நானா."

அவருடைய முதல் அம்பே சுவரில் குத்தியது.

"என்ன நானா, நோன்போ? கை நடுங்குது!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி அம்பும் அவருக்குத் தவறியது. என்னுடையது நடுவட்டத்தில் ஏறியது. கோப்பையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"தோத்ததுக்கு என்ன சாட்டு, நானா?"

அவர் சட்டைக் கையை மடித்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"உம்மைத் தேடி வந்தது ஆசுபத்திரி ஆள், தம்பி. பிள்ளைப்பெறுவிலை உம்மடை மனிசிக்கு ரத்தம் தேவைப்பட்டது. நீர் வரேல்லை எண்டு என்ரை கடைக்கு ஓடி வந்தவன். இப்ப பயமில்லை, மகள் பிறந்திருக்கு. ஆட்டம் முடிஞ்சுதுதானே, இனிப் போம்."