கல் வைத்த பைகள்

அரசிடமிருந்து நிதி வரவில்லை, வரும்வரை அரிசி கிடையாது என்று ரேஷன் கடைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வரிசை மட்டும் கலையவில்லை. ஆட்களுக்குப் பதில் பைகள் நின்றன. காற்றில் பறந்துவிடாதிருக்க ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கல். பை இருக்கும்வரை இடமும் இருக்கும் என்பது அந்தத் தெருவின் வழக்கம்.

விடிந்ததும் பூரணம் வந்து தன் பையைப் பார்த்துவிட்டுப் போவாள். சிமெண்ட் போட்ட தெருவில் கல்லுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று கல் அடுப்பிலிருந்து ஒன்றைப் பெயர்த்து வந்திருந்தாள். உலை வைக்க அரிசியில்லாத வீட்டுக்கு அடுப்பு எதற்காம்? இருந்தாலும் கரி படிந்த பக்கம் யார் கண்ணிலும் படாதபடி அடியில் திருப்பி வைத்திருந்தாள்.

அன்று அடித்த காற்றில் அவள் பைக்கு முன்னாலிருந்த பை சரிந்து கல் வெளியே உருண்டது. எடுத்து வைத்தவளின் விரல்களில் கரி ஒட்டியது. அதற்கு முன்னாலிருந்த பையையும் விரித்துப் பார்த்தாள். அந்தக் கல்லிலும் கரி. மற்றவற்றை அவள் பார்க்கவில்லை.

"கடைசிப் பை எது அக்கா?"

பக்கத்துச் சந்து ரோசலின், கையில் துணிப்பையோடு நின்றாள்.

"நீ எதுக்குடி வந்த? உங்க வீட்டுல அரிசி கெடக்குன்னியே."

"கெடக்குக்கா. சும்மா இடம் போட்டு வைப்போம்னுதான்."

பையை வைத்துவிட்டு, ரோசலின் கதவிலிருந்த தாளைப் படிப்பவள்போலத் திரும்பிக்கொண்டாள். சாய்ந்திருந்த ரோசலினின் பையைப் பூரணம் நிமிர்த்தி வைத்தாள். துணிக்குள் கல்லின் சூடு இன்னும் ஆறவில்லை.