பாதி வழியில் ஓர் ஓட்டல்

"இந்தக் கார்பெட்டுக்கு என் வயசு இருக்கும் போல. பக்கத்துத் தெருவுல புது ஓட்டல் இருக்கும்மா, அங்க போயிடலாமே" என்றார் அப்பா.

"எனக்கு இந்த ரூம்தாம்பா வேணும்" என்றாள் மகள்.

அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். அதற்குமுன் ஒருநாள் மூவரும் இங்கே தங்க வேண்டும் என்று அடம்பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

அறையின் சின்னச் சமையல் மேடையில் அம்மா டீ போட்டாள். "இந்தாங்க. சர்க்கரை போடல. போட்டா மட்டும் சிரிக்கவா போறீங்க?"

அப்பா சிரித்துவிட்டார்.

போர்வை கொண்டுவந்த பணிப்பெண்ணும் சிரித்தாள். "கல்யாணப் பொண்ணா? அப்பா அம்மா மாதிரியே நீயும் சேர்ந்து இருக்கணும், கண்ணு!"

அவள் போனதும் அப்பா பெட்டியை எடுத்தார். "நான் கீழ வேற ரூம் கேக்கறேன். அதுதான் சரி."

மகளின் முகம் வாடியது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விவாகரத்தாகி இருபத்திரண்டு வருடங்கள். இருவரின் ஊருக்கும் நடுவே இருந்த இந்த ஓட்டல் வாசலில்தான் சனிக்கிழமைதோறும் குழந்தையைக் கைமாற்றிக்கொள்வார்கள். ஒருமுறை வெள்ளம் சாலையை மறித்தபோது, காலியாக இருந்த இந்த ஒரே அறையில் மூவரும் தங்கினார்கள். அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இருந்ததாக அவளுக்கு நினைவிருப்பது அந்த ஒரு ராத்திரி மட்டும்தான்.

அம்மா அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். அறையின் முன்பகுதியில் இருந்த சோபாவில் அவருக்குப் போர்வையை விரித்தாள். பிறகு படுக்கையறைக் கதவை அகலத் திறந்து, அது மூடாதபடி பெட்டியை முட்டுக் கொடுத்தாள்.

"அன்னிக்கும் இவ இதைத்தான் கேட்டா. கண்ணு முழிச்சா நாம ரெண்டு பேரும் தெரியணுமாம்."