குருவின் மௌனம்

"சார், மூலநூலைக் குடுங்க."

இதை மட்டும் வழிகாட்டியிடம் கேட்காதே என்று சீனியர்கள் எச்சரித்திருந்தார்கள்.

"நாலு மொழிபெயர்ப்பை ஒப்பிடறதுதானே உன் ஆய்வு? மூலம் எதுக்கு?"

"இந்த உபநிடதத்துல சீடன் கேக்கற கேள்விக்கு நாலுலயுமே குரு பதில் சொல்லலையே சார்."

"மௌனம்தாம்மா பதில்! நாலு மேதைங்க முன்னுரையில விளக்கியாச்சு. உங்க வீட்ல இப்பத்தான் ஒருத்தி காலேஜ் வாசலை மிதிச்சிருக்கா, அதுக்குள்ள சந்தேகமா? மௌனம்னே எழுது. இல்லேன்னா ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் பின்னாலிருந்த துறை நூலக அலமாரியிலிருந்து நானே மூலநூலை எடுத்தேன். இருப்பதே இந்த ஒரு பிரதிதான். நடுவில் இரண்டு பக்கங்கள் அச்சகத்தில் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக்கிடந்தன. ஸ்கேலால் கிழித்தேன். உள்ளே குருவின் பதில், பதினோரு வரி!

கடைசித் தாளில், நூலை இரவல் வாங்கிய நான்கு மொழிபெயர்ப்பாளர்களின் கையெழுத்து. நான்காவது சாருடையது.

சார் மௌனமானார்.

"இதுக்கும் ஒரு முன்னுரை எழுதுங்க சார்."

ஐந்தாவதாக என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, புத்தகத்தோடு வெளியேறினேன்.