நாலாம் நம்பர் வீடு

"மாட்ட அவுக்கட்டா, பூட்டியே வெக்கட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லு சார்" என்றார் வண்டிக்காரர் செங்கேணி. வண்டியில் ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், பாத்திர மூட்டை. பக்கத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி மலர்க்கொடி சக்கரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"பூட்டியே இருக்கட்டும்" என்றான் அவள் புருஷன் கோபால். அந்தக் கல்லூரியில் இரண்டு வருஷமாக வேதியியல் சொல்லித் தருபவன். கல்லூரி ஆபீஸ் ஜன்னலை விட்டு அவன் கண் நகரவில்லை. மாடுகள் வேப்பமரங்களுக்கு அப்பால் தெரிந்த ஆசிரியர் குடியிருப்பைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

உள்ளே ஆட்சிக்குழு கூடியிருந்தது. எழுபத்தாறாம் வருஷம், நாடெங்கும் நெருக்கடி நிலை. போன வாரம் இலக்கிய மன்றக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரு பேச்சைத்தான் ஐந்து உறுப்பினர்களும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சில் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருஷமாக இருக்கும் விதி அது: ஊர்ச்சபை வாரியத்தில் ஒரு தடவை உட்கார்ந்தவன் மூன்று வருஷத்துக்கு மறுபடி வரக் கூடாது. அதோடு, 'இந்த விதி டில்லியிலும் இருந்தால் எப்படி இருக்கும்?' என்று மைக்கில் ஒரு கேள்வி. மாணவர்கள் கைதட்டிவிட்டார்கள்.

ஓர் ஆசிரியரை வேலையை விட்டு நீக்குவது சுலபமில்லை. விளக்கம் கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும், பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் ஓடிவிடும். ஆனால் குவார்ட்டர்ஸ் கல்லூரியின் சொத்து. ஐந்தில் மூன்று பேர் சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வைத்து, அன்றைக்கே வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். அதனால், யார் வாயை அடைக்க வேண்டுமானாலும் குழு முதலில் கை வைப்பது வீட்டின்மேல்தான்.

"நீ அந்தக் கடுதாசிய எழுதாமயே இருந்திருக்கலாம்யா" என்றாள் மலர்க்கொடி.

"எழுதியாச்சு, ரெண்டு பக்கம். இப்ப இன்னா பண்ண சொல்ற?"

"எனக்கு மனசே கேக்கல."

"ஊருக்குள்ள ஒம்போது வூடு கேட்டுட்டேன். எந்த ஊருன்றாங்க. மாகறல்னா, மாகறல்ல எந்தப் பக்கம்ன்றாங்க. சொன்னதும், 'வூட்டுக்கு வேற ஆள் வராங்க'ன்றாங்க. புள்ளைய எங்க பெத்துக்குவ? ஏரிக்கரைலயா?"

ஜன்னல் வழியாகக் குரல்கள் கேட்டன.

"அது கோயில் செவுத்துல கீறதுதானேய்யா?" என்றார் ஓர் உறுப்பினர்.

"செவுரு சொல்லலாம். வாத்தியாரு சொல்லக் கூடாது" என்றார் தலைவர் தாமோதரன். ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். "பேசினது போதும், பானைய எடு."

பானையில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலை ஊர்க்காரர் என்ற பெருமை தலைவருக்கு உண்டு. அதனால் இந்தக் குழுவில் யாரும் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. ஆளுக்கு ஒரு பனையோலை நறுக்கு. வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றால், மேசைக்கு அடியில் கையை வைத்து ஓலையின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வேண்டாம் என்றால் அப்படியே விட வேண்டும். எல்லா ஓலையும் பானைக்குள் விழுந்த பிறகு, யார் கிள்ளினார் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

பியூன் கன்னியப்பன் பானையைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்தார்.

"நுனி இல்ல… நுனி கீது… நுனி கீது… நுனி இல்ல…"

இரண்டுக்கு இரண்டு. மலர்க்கொடி கோபாலின் சட்டையைப் பற்றிக்கொண்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நுனி கீது!"

வீடு தப்பித்தது.

கோபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மலர்க்கொடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு சரித்திர ஆசிரியர் பஞ்சாட்சரம் வெளியே வந்தார். விசாரணைக்காக உள்ளே கூப்பிடப்பட்டிருந்தவர். வேர்வையைக்கூடத் துடைக்காமல் நேராக வந்து, கோபாலின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"என் வூடு பொழைச்சுதுய்யா, கோபால்! நான் பேசினதை ஒரு வரி விடாம ரெண்டு பக்கம் எழுதி, பேரு போடாம தலைவருக்கு அனுப்பியிருக்கான் எவனோ. இன்னா கஷ்டமோ அவனுக்கு, போவட்டும்."

கோபால் தலை நிமிரவில்லை.

"சந்தைத் தெரு வூட்ல உங்க சாமானைக் காலையில வெளிய தூக்கி வெச்சுட்டாங்களாமே? வரிசைல அடுத்த பேரு உன்னோடதுதான்னு எனக்குத் தெரியும். எனக்குப் போனாலும் அந்த வூடு உனக்குக் கெடைக்குதேன்னு மனசைத் தேத்திக்கினேன். வூடு தங்கிச்சுன்னா முன்ரூமு மலர்க்கொடிக்குத்தான்னு என் வூட்டுக்காரி சுலோச்சனாவும் அப்பவே பெருக்கி வெச்சுட்டா."

அவர் வண்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

"செங்கேணி, நாலாம் நம்பருக்கு ஓட்டு."