மண்ணுக்குள் வெந்தது

எரிமலை ஏரியைச் சுற்றிப் பார்க்க கணவன் மனைவி இருவருக்கென்றே அமர்த்திய வழிகாட்டிப் பெண், காலையில் கரையோரம் புதைத்த பானையை மதியம் வெளியே தூக்கினாள். நெருப்பே மூட்டாமல், கோழியும் கிழங்கும் பூமியின் சூட்டிலேயே வெந்திருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியே கதியென்று இருந்த செண்பகவல்லி, உட்கார்ந்த இடத்தில் பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டாள். அவள் கணவர் தணிகாசலம் ஒரு வாய் மென்றுவிட்டு, வழக்கம்போல் அவளை முறைத்தார்.

"உப்பு பத்தல."

"என்னை ஏன் பாக்குறீங்க? சமைச்சவகிட்ட சொல்லுங்க" என்று குழியைக் காட்டினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே மண் உறுமியது. குபுக்கென்று ஆவி முகத்தில் அடித்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவசரமாக, குழியிடம்.

அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. தணிகாசலம் மெல்ல அவள் உச்சந்தலையில் தட்டினார்.