ஆறுவதற்குள்

ஆலையில் நான் ஓட்டும் இயந்திரத்தின் அச்சில் ஒரு தடவைக்கு நான்கு பிளாஸ்டிக் கோப்பைகள் விழும். உள்ளே ஆறவிடும் நேரம் குறைந்தால் இளகலாக விழும். இதே இயந்திரத்தில் வேலை பார்த்த என் மனைவி, விழுந்ததும் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவாள்.

"வெந்துடுச்சான்னு பாக்கறேன்" என்பாள். விரல் குழி பதிந்த அந்தக் கோப்பை கழிவுக்குப் போகும்.

அவள் இறந்து ஒரு வருடமாகிறது. போன வாரம் முதல், நான்கில் ஒரு கோப்பை கட்டைவிரல் குழியோடு விழுகிறது. கதவை மூடினால்தான் இயந்திரம் ஓடும். யார் கையும் உள்ளே போகாது. ஃபோர்மேன் அச்சைக் கழற்றிப் பார்த்தார். இரும்பு கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது.

"ரெண்டு செகண்டு கூட ஆறவிடு தம்பி."

கூட்டினேன். குழி மறைந்தது.

"இதுக்குப் போயி மண்டையை உடைச்சுக்கிட்டோம் பாரு!" என்று சிரித்தார்.

இப்போது தினமும் அவர் சாப்பிடப் போனதும் அந்த இரண்டு நொடியைக் குறைத்து, ஒரே ஒரு தடவை ஓட்டுகிறேன். குழி விழுந்த கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன்.

நேற்று பொத்தானை அழுத்திவிட்டு, "வெந்துடுச்சா?" என்று கேட்டேன்.

கோப்பைகள் விழுந்தன. நான்கிலும் குழி இருந்தது.